குழந்தையின் வயிற்றில் நீர்ப்பை

நோய்களுள் சில தம் வரவைத் தாமே அறிவித்துக்கொண்டு வருவன. காய்ச்சல் உடலைச் சுடுகிறது. இருமல் உறக்கத்தைக் கெடுக்கிறது. புண் கண்ணுக்குத் தெரிகிறது. வேறு சிலவோ ஓசையின்றி வந்து இடம்பிடித்து, மாதக் கணக்காகவும் ஆண்டுக் கணக்காகவும் உள்ளேயே தங்கியிருப்பன. குழந்தைகளின் வயிற்றினுள் அரிதாகத் தோன்றும் நீர்ப்பைகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றை வைத்தியர்கள் எவ்வாறு இனங்காண்கின்றனர், சத்திரசிகிச்சையால் எவ்வாறு நீக்குகின்றனர், பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பன பற்றி இன்று நேயர்களுக்குச் சில கூற விரும்புகிறேன்.

நீர்ப்பை என்பது யாது? மெல்லிய சுவரொன்றினாற் சூழப்பட்டு, உள்ளே நீர்மம் நிறைந்த பையே அது. சீழ்க்கட்டி அன்று, ஆகவே தொடக்கத்தில் நோவும் சூடும் அதற்கு இல்லை. புற்றுநோயும் அன்று; குழந்தைகளிடம் காணப்படும் இப்பைகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்ற இயல்பினவே. அவ்வாறாயின் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் வினவலாம். தீங்கு பையின் இயல்பில் இல்லை. அது இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. குழந்தையின் வயிறு சிறிய அறை. அந்த அறையில் அழையாத விருந்தாளி ஒருவன் நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போனால், வீட்டிலுள்ளோர் நெருக்குண்பது இயல்புதானே!

இப்பைகளுள் முதலிற் கூறத்தக்கது குடலைத் தாங்கும் நடுமடிப்பிலே தோன்றும் நீர்ப்பை. நமது சிறுகுடல் வயிற்றினுள் கட்டின்றி மிதப்பதன்று. முதுகுப் புறத்திலிருந்து புறப்படும் மெல்லிய மடிப்பொன்று அதனைத் தாங்கி நிற்கிறது. சேலையின் கொய்சகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பிலே ஒரு பிடியாக ஒடுங்கி நிற்கும் கொய்சகம் காலடியிலே விரிந்து பரவுகிறதன்றோ? அதைப் போலவே, வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 15 சதமமீற்றர் நீளமே உடைய வேரிலிருந்து புறப்படும் நடுமடிப்பு, விசிறிபோல் விரிந்து, ஏறக்குறைய 6 மீற்றர் நீளமான சிறுகுடலைத் தன் ஓரத்தில் ஏந்துகிறது. குடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகளும், உண்ட உணவின் கொழுப்பை எடுத்துவரும் நிணநீர்க் குழாய்களும் இம்மடிப்பின் இரு இதழ்களுக்கிடையே ஓடுகின்றன.

குழந்தை கருவில் உருவாகுங் காலத்தில் இந்நிணநீர்க் குழாய்களுள் ஒரு பகுதி ஏனைய குழாய்களோடு இணையாது தனித்து நின்றுவிடுவதுண்டு. வடிகால் இல்லாத வயலில் நீர் தேங்குவது போல, அப்பகுதியில் நிணநீர் சிறிது சிறிதாகத் தேங்கிப் பையாகிறது. குழந்தைகளில் காணப்படும் நடுமடிப்பு நீர்ப்பைகளிற் பல இவ்வாறு தோன்றியவை என்பதே இன்று பெரிதும் ஏற்கப்பட்ட கருத்தாகும். அதன் உள்ளிருக்கும் நீர்மம் சிலவற்றில் தெளிந்த நீராக இருக்கும். வேறு சிலவற்றில் கொழுப்புக் கலந்து பால்போல் வெளுத்திருக்கும். குடலின் முன்னே திரைபோலத் தொங்கும் கொழுப்புப் போர்வையிலும் இத்தகைய பைகள் தோன்றுவதுண்டு. அவை இன்னும் அரியவை.

எவ்வளவு அரியவை? வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் குழந்தைகள் 20,000 பேருக்கு ஒருவரிடமும், வளர்ந்தவர்களில் 100,000 பேருக்கு ஒருவரிடமும் இந்நோய் காணப்படலாம் என்பது நூல்களில் நெடுங்காலமாக எடுத்தாளப்படும் கணக்கு. இத்துணை அரிய நோயைப் பற்றி வானொலியிலே பேசவேண்டுமா என்று எவரும் எண்ணலாகாது. அரிதென்பதனாலேயே அது நினைவுக்கு வருவதில்லை; நினைவுக்கு வராததனாலேயே காலந்தாழ்ந்து கண்டுபிடிக்கப்படுகிறது.

மனிதர் இதனை முதன்முதல் அறிந்ததும் காலந்தாழ்ந்தேதான். இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரிலே வாழ்ந்த அந்தோனியோ பெனிவியேனி என்னும் வைத்தியர், இறந்தோரின் உடலைத் திறந்து நோயின் காரணத்தைத் தேடிய முன்னோடிகளுள் ஒருவர். அவர் 1502இல் மறைந்தார். அவருடைய குறிப்புகள் 1507ஆம் ஆண்டிலே நூலாக வெளிவந்தன. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் உடலில் அவர் கண்ட பையே நடுமடிப்பு நீர்ப்பை பற்றிய முதற் பதிவெனக் கொள்ளப்படுகிறது. அதன்பின் முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 1880இலேதான் பிரான்சு நாட்டுச் சத்திரவைத்தியர் போல் தில்லோ உயிருள்ள நோயாளி ஒருவரிடமிருந்து அத்தகைய பையை வெற்றியுடன் அகற்றினார். மயக்க மருந்தும் கிருமிநீக்க முறையும் வந்தபின்னரே வயிற்றைத் திறப்பது துணியத்தக்க செயலாயிற்று என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

இனி, இந்நோய் வீட்டிலே எவ்வாறு வெளிப்படுகிறது என்பதைப் பார்ப்போம். சில குழந்தைகளுக்கு எவ்வித குறியும் இல்லை. வேறொரு காரணத்துக்காக ஸ்கான் செய்யும்போது தற்செயலாகப் பை தெரியவருகிறது. வேறு சிலரில் வயிறு மெல்ல மெல்லப் பருக்கிறது. கையுங் காலும் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்தள்ளுகிறது. காற்சட்டையின் இடுப்பு இறுகுகிறது. உணவைச் சிறிது உண்டதும் போதும் என்கிறது குழந்தை. இடையிடையே தொப்புளைச் சுற்றி வலி வந்து போகிறது. பெற்றோர் பூச்சியென்று எண்ணிப் பேதி மருந்து கொடுக்கின்றனர். சில நாள் கழித்து வலி தானே தணிகிறது. மருந்து வேலை செய்தது என்ற நம்பிக்கை உண்டாகிறது. பை தன் வளர்ச்சியை விடுவதில்லை.

மூன்றாம் வகைக் குழந்தைகளே நம் கவனத்துக்கு முக்கியமாக உரியவர்கள். வளர்ந்தவர்களைக் காட்டிலும் குழந்தைகளில் இப்பை திடீர் ஆபத்தாக வெளிப்படுவது மிகுதி. பையின் பாரத்தினால் குடல் தன் மடிப்பையே அச்சாகக் கொண்டு முறுக்கிக்கொள்ளலாம். முறுக்குண்ட கொய்சகத்தின் வழியே இரத்தம் ஓடாது. சில மணி நேரத்துள் குடல் கருகத் தொடங்கிவிடும். பையினுள்ளே இரத்தம் கசிந்து அது திடீரெனப் பருக்கலாம். கிருமி புகுந்து காய்ச்சலும் நோவும் உண்டாகலாம். விழுந்து அடிபடும்போது வெடிக்கவுங் கூடும். இத்தகைய நிலையில் குழந்தையைக் காணும் வைத்தியர், இது குடல்வால் அழற்சியோ என்றே முதலில் ஐயுறுவார். வயிற்றைத் திறந்த பின்னரே பை தெரியவந்த நிகழ்ச்சிகள் வைத்திய ஏடுகளிற் பல உள.

ஆகவே பெற்றோர் மனத்திற் பதிக்கவேண்டிய ஒரு குறியைக் கூறிவிடுகிறேன். குழந்தை பச்சை நிறமாக வாந்தியெடுத்தால், அது பித்தநீர் கலந்த வாந்தி. குடலில் எங்கோ தடையுண்டு என்பதற்கு அது அறிகுறியாகலாம். வயிறு உப்பலும் ஓயாத வலியும் அதனோடு சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. பேதி மருந்து கொடுத்தலும், எண்ணெய் பூசி வயிற்றைப் பிடித்து உருவுதலும் தீங்கையே விளைக்கும். உணவும் பானமும் நிறுத்தி, அந்த நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வைத்தியரின் கை இந்நோயை எவ்வாறு அறிகிறது? மேற்கூறிய தில்லோவின் பெயராலேயே ஒரு சோதனை உண்டு. நடுமடிப்பின் வேர் வயிற்றின் இடப்புற மேற்பகுதியிலிருந்து வலப்புறக் கீழ்ப்பகுதிக்குச் சரிவாக ஓடுகிறது. மடிப்பில் உள்ள பை அந்தக் கோட்டுக்குக் குறுக்கே எளிதில் அசையும். கோட்டின் வழியே அவ்வளவாக அசையாது. கதவு தன் கீலைச் சுற்றித் திரும்புமேயன்றி, கீலின் நீளப்போக்கில் நகராதன்றோ? அதுபோன்றதே இதுவும்.

விரலால் தட்டிப் பார்ப்பதும் ஒரு கலையே. மகோதரம் என்று நம் முன்னோர் வழங்கிய நோயில் வயிறு முழுவதும் நீர் கட்டுகிறது. படுத்திருக்கும் நோயாளியின் குடல் நீரின்மேல் மிதப்பதால் வயிற்றின் நடுவே காற்றொலியும் விலாப்புறத்தில் மந்த ஒலியும் கேட்கும். பெரிய நீர்ப்பையிலோ பை நடுவே நின்று குடலை ஓரத்துக்குத் தள்ளுவதால், ஒலி மாறிக் கேட்கும். எனினும், குழந்தை அழுது வயிற்றை இறுக்கிக்கொள்ளும்போது எந்தக் கையும் முழு உண்மையை அறிய முடியாது. பை மிகப் பெரிதாகி வயிற்றை நிறைத்துவிட்டாலோ, மகோதரமென்றே தேர்ந்தவர்களும் மயங்குவர்.

இந்த மயக்கத்தைத் தீர்த்தது ஒலி. 1958ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் இயன் டொனால்டும் அவருடைய துணைவர்கள் இருவரும், காதுக்குக் கேளாத மீயொலியைக் கொண்டு வயிற்றுக் கட்டிகளை ஆராயும் முறையை லான்செற் என்னும் வைத்திய ஏட்டில் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தோருள் ஒரு பெண்மணி, தீர்க்கவியலாத புற்றுநோயால் வயிற்றில் நீர் கட்டியவரெனக் கைவிடப்பட்டிருந்தார். மீயொலியின் எதிரொலியோ அது பரந்த நீர் அன்று, சுவருள்ள பெரிய பை எனக் காட்டிற்று. சத்திரசிகிச்சையால் அப்பை நீக்கப்பட, அவர் உயிர் பிழைத்தார். பையையும் நீரையும் பிரித்தறியும் அதே கேள்வியிலிருந்துதான் இன்று ஊரெங்கும் வழங்கும் ஸ்கான் முறை தன் பெருமையைப் பெற்றது என்பது நினைக்கத்தக்கது.

மீயொலி குழந்தைக்கு நோவு தருவதில்லை, கதிர்வீச்சும் இல்லை, தாயின் மடியில் கிடத்தியபடியே செய்யலாம். நீர் நிறைந்த பை கரிய வெளியாகத் தெரியும். அதனுள்ளே மெல்லிய தடுப்புச் சுவர்கள் இருப்பின் அவையுந் தெரியும். பை எந்த உறுப்பிலிருந்து புறப்படுகிறது என்பது தெளிவாகாவிடின், காந்தப் புலத்தால் படம் எடுக்கும் முறையோ, கணினி வழி ஊடுகதிர்ப் படமோ துணைசெய்கிறது. பின்னதில் கதிர்வீச்சு உண்டாதலால் குழந்தைகளுக்கு அதனைத் தேவை கருதியே பயன்படுத்துவர்.

பை என்று அறிந்தால் மட்டும் போதாது. எந்தப் பை என்று அறிதல் வேண்டும். குழந்தையின் வயிற்றில் நீர்ப்பைகள் ஒரு குலத்தின அல்ல. இரட்டைக்குடல் என்று ஒன்று உண்டு. கருவிலே குடல் உருவாகும்போது ஒரு துண்டு இருமடியாக அமைந்து, முதற் குடலோடு சுவரையும் இரத்த ஓட்டத்தையும் பகிர்ந்துகொண்டு பையாக நின்றுவிடுவதே அது. பொஸ்ரன் நகரத்துக் குழந்தைச் சத்திரவைத்தியர் வில்லியம் லாட் 1937இல் இப்பெயரை நிலைநாட்டினார். சில இரட்டைக்குடல்களின் உட்புறத்தில் இரைப்பையின் தோல் அமைந்து அமிலத்தைச் சுரக்கும். அதனாற் புண்ணாகி இரத்தம் மலத்தோடு வெளிப்படும். மீயொலியில் இதன் சுவர் இரண்டு அடுக்காகத் தெரிவது இதனை நடுமடிப்பு நீர்ப்பையிலிருந்து பிரித்தறிய உதவுகிறது.

புதிதாய்ப் பிறந்த பெண் குழந்தையின் சூலகத்திலும் நீர்ப்பை காணப்படுவதுண்டு. தாயிடமிருந்து பெற்ற ஓமோன்களின் தூண்டுதலால் அது தோன்றுவது; பிறந்தபின் அத்தூண்டுதல் குறையவே, சிறிய பைகள் சில மாதங்களில் தாமே மறைந்துவிடுகின்றன. பெரிய பைகளோ முறுக்கிக்கொண்டு சூலகத்தையே அழிக்கக்கூடும். ஆதலால் அவற்றை உன்னிப்பாகக் கவனித்து, வேண்டுமாயின் சூலகத்தைக் காத்துப் பையை மட்டும் நீக்குவர். துவிச்சக்கரவண்டியிலிருந்து விழுந்த சிறுவனின் வயிற்றிற் கைபிடி குத்தினால், சதையி என்னும் சுரப்பி நசுங்கி, சில வாரங்களின் பின் அதனருகே நீர் தேங்கிப் பைபோல் ஆவதும் உண்டு. இது பெரும்பாலும் பொறுமையினால் தீரக்கூடியது. ஆடுகளும் நாய்களும் ஒன்றாய்த் திரியும் மேய்ச்சல் நாடுகளில் நாடாப்புழுவின் முட்டையால் ஈரலில் உண்டாகும் பை வேறொன்று. அதன் நீர் வயிற்றினுட் சிந்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஊசியால் குத்தி நீரை எடுத்தாற் போதாதா என்று கேட்போருக்கு இதுவே முதல் விடை. இன்ன பையென்று அறியுமுன் ஊசி நுழைத்தல் தகாது.

இக்குலத்துள் தனித்துக் கூறவேண்டியது பித்தக்கான் நீர்ப்பை. ஈரலிலிருந்து பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் கான் வீங்கிப் பையாவதே இந்நோய். இதனைச் செர்மானிய உடற்கூற்றறிஞர் ஏபிரகாம் வாற்றர் 1723இல் குறித்துவைத்தார். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளிடமே இது மிகுதி. மேலை நாடுகளைவிட யப்பான் முதலிய கிழக்காசிய நாடுகளிலே மிகுதி. செங்கண்மாரி, வலப்புற மேல்வயிற்றில் வலி, அவ்விடத்தே ஒரு கட்டி என மூன்று குறிகளை நூல்கள் கூறும். ஆயினும் மூன்றும் ஒருங்கே அமையும் குழந்தைகள் சிலரே. செங்கண்மாரி வருவதும் போவதுமாக இருந்தால் இதனை நினைக்க வேண்டும்.

இந்நோயின் சிகிச்சை வரலாறு நமக்கு ஒரு பாடம். முற்காலத்தில் பையை அகற்றாது, அதனைக் குடலோடு இணைத்து வடிகால் அமைப்பதே வழக்கம். குழந்தை நலமடைந்தது, மஞ்சள் மறைந்தது, யாவரும் மகிழ்ந்தனர். ஆண்டுகள் பல கழிந்தபின், விடப்பட்ட பையிலே அழற்சியும் கல்லும் தோன்றின. சிலரிடம் புற்றுநோயே தோன்றிற்று. 1969இல் பாபிற் என்னும் அமெரிக்க ஊடுகதிர் வைத்தியர், பித்தக்கானும் சதையிக்கானும் இயல்புக்கு மாறாக முன்கூட்டியே ஒன்றுசேர்வதால், சதையிநீர் பித்தக்கானுள் ஏறி அதன் சுவரைக் கெடுக்கிறது என்னும் விளக்கத்தைத் தந்தார். பையை முழுவதும் அகற்றி, ஈரலிலிருந்து வரும் கானைச் சிறுகுடலின் ஒரு கிளையோடு இணைப்பதே இன்றைய முறை. சிறுவயதிற் பழைய முறைப்படி சத்திரசிகிச்சை பெற்று இன்று வளர்ந்திருப்பவர் எவரேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பாராயின், நலமாக இருக்கிறேன் என்று அமையாது, சத்திரவைத்தியரிடம் ஒருமுறை தம்மைக் காட்டிக்கொள்வது நன்று.

கைக்குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். பிறந்து 14 நாள் கடந்தும் மஞ்சள் மறையாது, மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால், அது பித்தக்கான் அடைப்பாக இருக்கலாம். அதற்குரிய சத்திரசிகிச்சை முதல் 60 நாட்களுக்குள் செய்யப்படும்போதே பயன் மிகுதி. வெயிலிற் காட்டினால் மஞ்சள் போய்விடும் என்று நாட்களைக் கழித்தல் அக்குழந்தையின் ஈரலையே விலைகொடுப்பதாகும்.

நடுமடிப்பு நீர்ப்பைக்குத் திரும்புவோம். அதனை முழுவதும் நீக்குதலே சிறந்த சிகிச்சை. நீரை மட்டும் உறிஞ்சியெடுத்தால் சுவர் எஞ்சியிருப்பதால், பை மீண்டும் நிறையும். சத்திரவைத்தியர் வயிற்றைத் திறந்து, அல்லது சிறு துளைகளின் வழியே ஒளிக்கருவியைச் செலுத்தி, பை குடலின் இரத்த நாடிகளோடு எவ்வாறு பிணைந்திருக்கிறது என்று முதலில் ஆராய்வார். நாடிகளைக் காத்துப் பையை மட்டும் உரித்தெடுக்க இயலுமாயின் அதுவே நலம். பெரிய பையாயின், சத்திரசிகிச்சையின்போதே அதன் நீரை உறிஞ்சிச் சுருக்கி, சிறிய வெட்டின் வழியாக வெளியே கொணர்வதும் உண்டு.

குழந்தைகளிற் பல வேளைகளில் பை குடலை இறுகத் தழுவியிருக்கும். அப்போது அந்தச் சிறு குடற்பகுதியையும் சேர்த்து வெட்டியெடுத்து, இரு முனைகளையும் இணைத்துத் தைப்பர். இரட்டைக்குடலுக்கும் பெரும்பாலும் இம்முறையே பொருந்தும். சுவரும் இரத்தமும் பொதுவாதலால் ஒன்றைப் பிரித்து மற்றதைக் காத்தல் அங்கே அரிது. குடலை வெட்டுவதா என்று தாய்மார் கலங்குதல் இயல்பே. சிறுகுடல் மிக நீண்டது. அதிற் சிறிதளவு குறைவதால் குழந்தையின் உணவுக்கோ வளர்ச்சிக்கோ பொதுவாகக் குறை நேர்வதில்லை.

பை மடிப்பின் வேர்வரை ஊடுருவிப் பெரிய நாடிகளைச் சூழ்ந்திருப்பின், முழுவதும் நீக்க முயல்வது குடல் முழுவதற்கும் ஆபத்தாகலாம். அந்நிலையில் இயன்ற அளவு நீக்கி எஞ்சியதைத் திறந்துவிடுவர்; அல்லது பையின் சுவரைச் சுருங்கச் செய்யும் மருந்தை ஸ்கானின் துணையுடன் உள்ளே செலுத்துவர். நிணநீர்ப் பைகளின் வளர்ச்சியை அடக்க சிரோலிமஸ் என்னும் மருந்தும் இக்காலத்தில் சிலருக்குக் கொடுக்கப்படுகிறது. பை முழுவதும் நீக்கப்பட்ட குழந்தைகளில் நோய் மீளுவது அரிது. எஞ்சியோருக்கு நீண்டகாலக் கண்காணிப்பு வேண்டும். நீக்கிய பை எதுவாயினும் அது நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராயப்பட்ட பின்னரே இறுதி முடிவு கூறப்படும்.

நேயர்களே, உருண்ட வயிறெல்லாம் நோயன்று. நடைபழகும் குழந்தையின் வயிறு நிற்கும்போது முன்தள்ளுவதும் படுத்ததும் தணிவதும் இயல்பே. கட்டிபோலத் தடவுப்படுவனவற்றிற் பல இறுகிய மலமோ நிறைந்த சிறுநீர்ப்பையோ ஆம். ஆயின், படுத்தபோதும் தணியாத வயிறும், குளிப்பாட்டும்போது கைக்குத் தட்டுப்படும் கட்டியும் வைத்தியர் கண்ணுக்கு உரியவை. கட்டியொன்று தென்பட்டால் அதனை அயலவர் பலரும் அமுக்கிப் பார்க்க விடாதீர்கள். குழந்தைகளின் சிறுநீரகத்திலே தோன்றும் ஒருவகைப் புற்றும் கட்டியாகவே தென்படும். அமுக்கினால் அது உடையக்கூடும். ஊர் வைத்தியசாலையில் முதலிற் காட்டி, அங்கிருந்து குழந்தைச் சத்திரவைத்தியர் உள்ள பெரிய வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கொழும்பிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை அத்தகைய ஓரிடம்.

குழந்தை தன் நோவைச் சொல்லத் தெரியாதது. அதன் வயிற்றைத் தினமும் காணும் கண்ணும் தொடும் கையும் தாயினுடையவை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த உடலிலே மட்டும் காணக்கூடியதாயிருந்த இந்நோயை, இன்று வைத்தியம் உயிருள்ள குழந்தையிடம் கண்டு, நீக்கி, அதனை நலத்துடன் வீட்டுக்கு அனுப்ப வல்லதாயிருக்கிறது. அந்த வல்லமை பயன்படுவதற்கு, குழந்தை உரிய நேரத்தில் வைத்தியசாலையின் வாயிலை அடைதல் வேண்டும். அது பெற்றோரின் கையில் உள்ளது.